திரும்பி நின்றவர்

பக்கவாதம் வந்தபோது எனக்கு அறுபதை நெருங்கிய வயது. செல்லூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்த காலம். என் கணவர் துண்டு நெய்து மொத்தக் கடைகளுக்குப் போடுவார். நெய்த துண்டை உதறி, இழை அறுந்திருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து மடித்து அடுக்குவது என் வேலை. அன்று காலை மடித்த துண்டுகளைத் தூக்கப் போனேன். இடது கை வரவில்லை. மரத்துப்போய்விட்டது என்று நினைத்து உதறப் பார்த்தேன். உதறவும் வரவில்லை. பிறகு காலும் போனது. துண்டுக் குவியலின் மேலேயே சாய்ந்து விழுந்தேன். கணவரைக் கூப்பிட்டேன். தறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. அப்போதுதான் நான் முனகுவது கேட்டு அவர் ஓடிவந்தார்.

உயிர் பிழைத்தேன். இடது கையும் காலும் விறைத்து, வாய் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினேன். பேச்சு குழறியது. ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. அதுதான் கஷ்டம். யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது ஒன்று விடாமல் எனக்குத் தெரிந்தது.

எங்கள் தெருவில் பாதிப் பேர் எங்களைப் போல வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் முன்னால் போய் நிற்கிறவள் நான். அதனால் பார்க்க வந்தவர்களும் அதிகம். ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்ப்பார்கள். நான் அங்கேயே இருக்க, என் தலைக்கு மேலாக என் கணவரிடம் கேட்பார்கள். சாப்பிடுகிறாளா? ஆள் அடையாளம் தெரிகிறதா? இந்தக் கோணல் சரியாகிவிடுமா? எனக்குக் கடைவாயில் எச்சில் வழியும். துடைக்க வலது கையைத் தூக்குவதற்குள் அவர்கள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கொஞ்ச நாளில், யாராவது வந்தால் நான் தூங்குகிறேன் என்று சொல்லிவிடும்படி கணவரிடம் சொல்லிவிட்டேன்.

எங்களுக்கு ஒரே மகன். பெங்களூரில் வேலை. மகள் கிடையாது. எனவே எனக்குச் சேலை கட்டிவிடுவது, தலை பின்னிவிடுவது எல்லாம் என் கணவர் பொறுப்பாகிவிட்டது. கொசுவம் வைக்கும்போது அவருக்கு வியர்த்துக் கொட்டும். தறியில் நூல் பிணைக்கிற கை. என் முடியைப் பிரித்துப் பின்னும்போது மட்டும் சிக்கல் போட்டுவிடும். ஆரம்பிக்கும் முன் எழுந்து போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வருவார். அந்த ஜன்னலை அவர் எனக்காகச் சாத்துகிறாரா, தனக்காகச் சாத்துகிறாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வாரோ என்று பயமாக இருந்தது.

கே.கே.நகரில் புதிதாக ஒரு பிசியோதெரபி மையம் வந்திருக்கிறது, வெளிநாட்டில் இருப்பது போன்ற மெஷினெல்லாம் இருக்கிறது என்று மகன்தான் விசாரித்துச் சொன்னான். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களே ஆகியிருந்தன. அதுவரை மதுரையில் பிசியோ என்றால் ஆஸ்பத்திரியின் ஒரு மூலையில் மெழுகு ஒத்தடமும் கப்பிக் கயிறும்தான். மகன் லீவு போட்டு வந்து என்னை முதல் நாள் அழைத்துப்போனான்.

ஒரு பெரிய வீட்டின் கீழ்த்தளத்தை இடித்து ஒரே ஹாலாக்கியிருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில்தான், விழுந்த பிறகு முதன்முதலாக என்னை முழுசாகப் பார்த்தேன். வீட்டில் பீரோ கண்ணாடிப் பக்கமே நான் போவதில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, ஒரு பக்கம் சரிந்து, கோணல் வாயோடு ஒரு கிழவி வந்துகொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டேன்.

அங்கே எனக்கு வாய்த்த பிசியோதெரபிஸ்ட் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். மதுரைக்காரப் பெண்தான். படபடவென்று பேசுவாள்.

"அம்மா, மொதல்ல காலுக்குக் கரண்ட் வைக்கப் போறோம். பயப்படாதீங்க, ஷாக் அடிக்காது. சேலைய முழங்காலுக்கு மேல ஏத்திக்கிறீங்களா?"

நான் அசையவில்லை. மகன் சட்டென்று வெளியே போய்விட்டான். கணவர் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். அந்தப் பெண் திரையை இழுத்துவிட்டு, என் சேலையைத் தானே ஏற்றி, முழங்காலுக்குக் கீழே ஈரமான இரண்டு பட்டைகளை ஒட்டி ஒயரை மாட்டினாள். சின்ன ரேடியோ அளவில் ஒரு பெட்டி. அதில் ஒரு குமிழைத் திருகினாள். எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அப்புறம் என் பாதம் தானாக மேலே தூக்கியது. விட்டது. மறுபடி தூக்கியது.

வாரக்கணக்கில் நான் கெஞ்சியும் அசையாத பாதம் அது. பெட்டி சொன்னதும் கேட்டது. கணவருக்கு ஒரே சந்தோஷம். "பார், பார், தூக்குது" என்று எங்கள் மொழியில் கத்தினார். எனக்கு அழுகை வந்தது. என் கால் எனக்கு அடங்காமல் யாரோ ஒருத்தியின் பெட்டிக்கு அடங்குகிறதே என்று கூசிப்போனேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்து எடை பார்க்கிற மெஷின் போல ஒரு பலகை. அதில் ஏறி நின்றால் எதிரே கம்ப்யூட்டரில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். நம் எடை எந்தக் காலில் விழுகிறதோ புள்ளி அந்தப் பக்கம் போகும். நடுவில் ஒரு வட்டம். புள்ளியை அதற்குள் கொண்டுவர வேண்டும். நான் நேராகத்தான் நிற்கிறேன் என்று எனக்குத் தோன்றும். புள்ளியோ வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

"நடுவுல வாங்கம்மா, நடுவுல. இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

ஹாலில் இருக்கும் எல்லோருக்கும் அந்தத் திரை தெரியும். நான் எவ்வளவு கோணல் என்பதை எல்லோரும் பார்க்கும்படி எழுதிக் காட்டுகிற மாதிரி இருந்தது.

ஆனால் அந்தப் பெண் முக்கியமாக நம்பியது ட்ரெட்மில்லைத்தான். ஓடும் பட்டைக்கு மேலே ஒரு இரும்புச் சட்டம். அதிலிருந்து ஒரு பெல்ட் தொங்கும். அதை இடுப்பிலும் இரண்டு தொடைகளைச் சுற்றியும் கட்டி, ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் உடம்பு கொஞ்சம் மேலே போகும். பாதி எடையை பெல்ட் தாங்கிக்கொள்ள, கீழே பட்டை மெதுவாக ஓட, விழாமல் நடந்து பழகலாம்.

"சேலையோட இதுல ஏற முடியாதும்மா. தொடையில பெல்ட் மாட்ட முடியாது, கால் சிக்கிரும். சுடிதார் போட்டுட்டு வாங்க."

"நானா?" என்றேன். குழறலில் அது அவளுக்குப் புரியவில்லை. ஆனால் முகம் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"இங்க யாரும்மா பாக்கப் போறா? எல்லாரும் அவங்கவங்க காலப் பாக்கவே நேரமில்லாம இருக்காங்க."

பதினாலு வயதில் தாவணி, கல்யாணத்துக்குப் பின் சேலை. நைட்டி கூடப் போட்டதில்லை நான். வீட்டுக்கு வந்ததும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் கணவர் விளக்குத்தூண் ஜவுளிக் கடைகள் பக்கம் போய் ஒரு சுடிதார் வாங்கி வந்தார். காபி நிறத்தில், நல்ல தொளதொளப்பாக. அதை என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "கடைக்காரப் பையன் உங்க பொண்ணுக்கா சார்னு கேட்டான். ஆமான்னு சொல்லிட்டேன்."

இல்லாத மகளைச் சொல்லி வாங்கி வந்த துணி. அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என்னைவிட அவருக்குத்தான் அதிகம் கூச்சமாக இருந்திருக்கும் போலிருக்கிறது. அதற்கு மேல் மறுத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் சுடிதாரைப் போட்டு, அதன் மேல் ஒரு பெரிய போர்வையைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். சித்திரை வெயிலில் போர்வை சுற்றிப் போகிற பைத்தியக்காரியைத் தெரு பார்த்தது.

அந்த ஹாலில்தான் எழுமலைக்காரரைப் பார்த்தேன். பெயர் கேட்டுக்கொண்டதில்லை, ஊரைச் சொல்லித்தான் எல்லோரும் அவரைக் குறிப்பிடுவார்கள். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். நெடுநெடுவென்று உயரம். சொந்தக் காட்டில் பருத்தியும் சோளமும் போட்ட சம்சாரி. பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், முகம் மரம் போல இருக்கும், நடந்துகொண்டே வந்தவர் வாசற்படியைக் கண்டதும் தரையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுவார். அவருடைய மச்சினன் உசிலம்பட்டி வழியாகப் பஸ்ஸில் கூட்டிவந்து கூட்டிப் போவார்.

அவருக்கு வேறு மாதிரி வைத்தியம். தரையில் வெள்ளை டேப்பால் குறுக்குக் கோடுகள் ஒட்டியிருந்தார்கள். சட்டைப்பைக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அது டக், டக், டக் என்று ஒரே தாளத்தில் சத்தம் போடும். அந்தத் தாளத்துக்கு ஒவ்வொரு கோடாகத் தாண்டிக் கால் வைக்க வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், வாசற்படியில் ஒட்டிக்கொள்கிற அந்தக் கால்கள் கோட்டையும் தாளத்தையும் கண்டால் நடந்துவிடும். நேர்கோட்டில் கிட்டத்தட்ட எல்லோரையும் போல நடப்பார். திரும்புவதுதான் அவருக்குப் பெரும்பாடு. கோடு முடிகிற இடத்தில் வந்து நின்று, சின்னச் சின்னதாகக் காலைத் தேய்த்துத் தேய்த்து, அம்மிக்கல்லை நகர்த்துகிற மாதிரித் தன்னையே நகர்த்தித் திரும்புவார். அப்போது அந்தப் பெண் பக்கத்தில் கையை விரித்தபடி நிற்பாள். பின்பக்கமாகச் சாய்ந்துவிடுவாரோ என்ற பயம்.

அவர் வேட்டிக்காரர். அவரையும் கால் தடுக்கும் என்று சொல்லி டிராக் பேன்ட் மாட்ட வைத்திருந்தார்கள். என்னைப் பெல்ட்டில் மாட்டித் தூக்கிய முதல் நாள் நான் கண்களை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். இறக்கி உட்கார வைத்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்து மெதுவான, ஏற்ற இறக்கமில்லாத குரல் வந்தது.

"தாயி, வெக்கப்படாதீக. என்னையப் பாருங்க. டவுசரு மாட்டி விட்ருக்காக."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். பேசினால் குழறுமே.

"ஊருல என்ன பேசுறாய்ங்க தெரியுமா? காலையிலயே குடிச்சிட்டு ஆடுறேன்னு பேசுறாய்ங்க. நான் பீடி கூடத் தொட்டதில்ல தாயி. எம்புட்டுப் பேருகிட்டப் போயி இது நோயின்னு சொல்றது? டீக்கடைக்குப் போறதையே விட்டுட்டேன்."

அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்கார எனக்குக் கஷ்டமாக இல்லை. கொஞ்ச நாளில் இரண்டொரு வார்த்தை பேசவும் செய்தேன். என் குழறலை அவர் இரண்டாம் முறை சொல்லச் சொன்னதே இல்லை. புரியாவிட்டாலும் "ஆமா தாயி" என்பார்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். வாதம் வந்ததிலிருந்து எனக்குச் சிறுநீர் நிற்காது. வந்தது தெரிவதற்குள் வந்துவிடும். என் உடம்பைக் கழுவித் துடைக்கிற கணவரிடமே அதை மறைத்தேன். அவர் தறிப்பக்கம் போகும்வரை காத்திருந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் ஒரு கையால் துணியை அலசிப் போட்டுவிடுவேன். மையத்துக்குப் போகிற நாட்களில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டேன். நாக்கு ஒட்டிக்கொள்ளும். பரவாயில்லை என்று இருந்துவிடுவேன்.

அன்று நல்ல வெயில். மையத்தில் ஏறி நின்றதும் எனக்குத் தலை சுற்றியது. அந்தப் பெண் என் உதட்டைப் பார்த்துவிட்டு, "தண்ணியே குடிக்கலயாம்மா?" என்று கேட்டு, ஒரு பாட்டில் தண்ணீரை வாயில் வைத்து முழுசும் குடிக்க வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டுப் பெல்ட்டை மாட்டினாள். பட்டை ஓட ஆரம்பித்தது. அன்று கால் நன்றாகவே வந்தது. "சூப்பர்மா, சூப்பர்மா" என்றாள். பிறகு கோடு நடையில் இருந்த எழுமலைக்காரரைப் பார்த்துக்கொள்ள அந்தப் பக்கம் போனாள்.

முதலில் சூடு தெரிந்தது. பெல்ட் தொடையை இறுக்கியிருந்த இடத்தில் சுடிதார் நனைந்தது. நிறுத்தப் பார்த்தேன், உடம்பு கேட்கவில்லை. காலோடு வழிந்து பட்டையில் விழுந்தது. பட்டை நிற்காமல் ஓடியது. ஈரத்தைப் பின்னால் கொண்டுபோய், சுற்றி, மறுபடி முன்னால் கொண்டுவந்து காட்டியது. ஓடிப்போய் ஒளிய முடியாது, உட்கார முடியாது, கையால் மறைக்கக்கூட முடியாது. தொங்கிக்கொண்டிருந்தேன். எதிரே கண்ணாடி. அதில் ஹால் முழுவதும் தெரிந்தது. கை விரல்களுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள், அவர்களுடன் துணைக்கு வந்தவர்கள், எல்லோரும் என் பக்கம் பார்த்தார்கள். வாசலில் செருப்போடு நின்ற என் கணவரும் பார்த்தார். நான் வாய்விட்டு ஒரு சத்தம் போட்டேன். அது வார்த்தை கிடையாது.

அந்தப் பெண் ஓடிவந்து சுவிட்சை நிறுத்தினாள்.

அப்போதுதான் கண்ணாடியில் எழுமலைக்காரரைப் பார்த்தேன். கோட்டின் நடுவில், என்னை நோக்கி வந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு முதுகைக் காட்டித் திரும்ப ஆரம்பித்தார். கோடு முடிவதற்கு முன்பே, பிடிக்க ஆள் இல்லாமல், காலைத் தேய்த்துத் தேய்த்து. சட்டைப்பைக்குள் டக், டக் என்று கேட்டது. "அங்கிட்டுத் திரும்புங்கப்பா எல்லாரும்" என்றார். சத்தமாகச் சொல்ல நினைத்திருப்பார். ஆனால் அவர் குரல் எழும்பாது. அவர் திரும்புவதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பினார்கள்.

முழுசாகத் திரும்பி முடித்தார். ஒரு கணம் நேராக நின்றார். பிறகு வெட்டிய மரம் மாதிரிப் பின்பக்கமாகச் சாய்ந்தார். கையை ஊன்றினார். சத்தம் கேட்டது.

அதற்குப் பின் என்னை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவரிடம் ஓடினார்கள். என் கணவர் மட்டும் என்னிடம் வந்து, பெல்ட்டை எங்கே அவிழ்ப்பது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார்.

நான் மறுபடி அங்கே போகவில்லை. என் கணவர் முதலில் தட்டிக்கொடுத்துச் சொன்னார், பிறகு கோபமாகச் சொன்னார். "இத்தனை நாளா எங்கிட்டயே மறைச்சியே, நான் யாரு உனக்கு?" என்று ஒருநாள் எங்கள் மொழியில் கத்திவிட்டுத் தறிப்பக்கம் போனார். அன்று அவர் சாப்பிட வரவில்லை. எனக்குத் துணி நனைந்த வெட்கத்தைவிட, அந்த மனிதர் என்னால் விழுந்தார் என்ற வெட்கம் பெரிதாக இருந்தது. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

இரண்டு வாரம் போல ஆகியிருக்கும். அந்தப் பெண் ஸ்கூட்டியில் எங்கள் சந்துக்குள் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேச வேண்டியிருந்தது. என் கணவர் போய்த் தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

"மணிக்கட்டு ஒடஞ்சிருச்சும்மா. மாவுக்கட்டு போட்டிருக்கு. அவங்க வீட்டுல இனிமே அனுப்பமாட்டாங்களாம்."

நான் அழ ஆரம்பித்தேன்.

"நீங்க ஏம்மா அழுறீங்க? அவரு பக்கத்துல நான் நின்னிருக்கணும். விட்டுட்டு உங்ககிட்ட ஓடியாந்தேன். சென்டர் நடத்துற சார் என்னய எல்லாரு முன்னாடியும் வச்சுக் கேட்டாரு. இப்ப அந்த ஹாலுக்குள்ள போறதுக்கே எனக்கு ஒரு மாதிரி இருக்கு." அவள் கண்ணும் கலங்கியது. "நீங்க ரெண்டு பேரும் வரலன்னா எனக்கு இன்னும் அசிங்கம்மா. நான் தொரத்திவிட்ட மாதிரி இருக்கு."

அவளுக்கும் ஒரு வெட்கம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் என்னால் மறுபடி அங்கே கால் வைக்க முடியும் என்று சொன்னேன். அவள் அவருடைய மச்சினனுக்குப் போன் போட்டு வழி கேட்டுக் கொடுத்தாள்.

வாடகைக் காரில் எழுமலை போனோம். உசிலம்பட்டி தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல். நான் சேலை கட்டிக்கொள்வேன் என்று கணவர் நினைத்திருந்தார். அந்தக் காபி நிறச் சுடிதாரையே கொடுக்கச் சொன்னேன். ஏன் என்று இப்போது கேட்டாலும் சரியாகச் சொல்லத் தெரியாது. எழுமலைக்காரர் என்னைப் பார்த்த கோலம் அதுதான் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

காரை விட்டு இறங்கியதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். நரைத்த தலை, கோணல் வாய், சுடிதார், கையில் கம்பு. கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தேன். எழுமலைக்காரர் கட்டிலில் படுத்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அவருடைய மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கட்டுமஸ்தான உடம்பு, பாம்படம் போட்டு வளர்த்த காது.

"வாங்க. உக்காருங்க" என்றார். குரலில் வரவேற்பு இல்லை. "அம்புட்டுத் தொலவு போயி நல்லாகி வருவாகன்னு பாத்தா, கைய ஒடிச்சிக்கிட்டு வந்து கெடக்காக. மெஷினாம் மெஷினு."

"கால் வழுக்கிருச்சுன்னு சொன்னேன்ல" என்றார் அவர் கட்டிலில் இருந்தபடி.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவர் வீட்டில் சொல்லவே இல்லை. மனைவியிடம்கூட. என் பெயரோ நடந்ததோ அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் சும்மா நலம் விசாரித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். என் கணவர் என் முழங்கையை லேசாக அழுத்தினார். பேசாமல் இரு என்று அர்த்தம்.

பிறகு அந்த அம்மாள் காபி போட அடுப்படிக்குப் போனார். நானும் கம்பை ஊன்றிப் பின்னால் போனேன். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். குழறியது. நிறுத்தி நிறுத்தி மறுபடி சொன்னேன். நான் தொங்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் துணியிலேயே போய்விட்டது. என்னைப் பார்க்கக் கூடாது என்றுதான் அவர் திரும்பினார். அதனால்தான் விழுந்தார்.

அந்த அம்மாள் பால் பாத்திரத்தை இறக்கி வைத்தார். கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கும் இருக்கு" என்றார்.

"என்ன?"

"அதேதான். கடைசிப் புள்ள பெறந்ததுலருந்து. இருமுனா, கனம் தூக்குனா. களையெடுக்கப் போற எடத்துல எத்தன தடவ. இந்தா, இவருக்கே தெரியாது." கையால் அடுப்பு மேட்டைத் துடைத்தார், அங்கே ஒன்றும் சிந்தியிருக்கவில்லை. "உங்களுக்கு வாதத்துல வந்துச்சு. எனக்கு ஒண்ணுமே இல்லாம வந்துச்சே. என்னன்னு சொல்றது?"

பால் ஆடை கட்டியது. அப்புறம் அவர் என் இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டார். அந்தக் கையில் எனக்கு அவ்வளவாக உணர்ச்சி கிடையாது. ஆனாலும் சூடு தெரிந்தது.

கிளம்பும்போது அந்த அம்மாள் தன் கணவரிடம் சொன்னார்: "கட்டுப் பிரிச்சதும் போவோம். இனிமே எந்தம்பி வேணாம், நானே கூட்டிப் போறேன்." எழுமலைக்காரரின் முகத்தில் எதுவும் தெரியாது, அந்த நோய் அப்படி. என்னைப் பார்த்து, "வெயில்ல இம்புட்டுத் தூரம் வந்தீகளே தாயி" என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடியே வந்தார்கள். நானும் போக ஆரம்பித்தேன். மறுபடி போன முதல் நாளே, பெல்ட்டை மாட்டுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் காதோடு காதாக, எனக்கு இப்படி ஒரு தொந்தரவு உண்டு என்றேன். எழுமலை அம்மாவும் பக்கத்தில் வந்து, "எனக்குந்தான் பாப்பா" என்றார்.

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுக்கும் எக்சர்சைஸ் இருக்கும்மா. இடுப்புக்குள்ள இருக்கிற தசைய இறுக்கிப் பிடிச்சு விடணும். முழுசாப் போகாட்டியும் நல்லாக் கொறையும். எத்தன நாளா இருக்கு? மொதல்லயே சொல்லிருந்தா மொதல் நாள்லயே ஆரம்பிச்சிருப்பேனே."

திரையை இழுத்துவிட்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் எங்களைப் படுக்க வைத்து, எப்படி இறுக்குவது, எப்படி விடுவது என்று சொல்லிக்கொடுத்தாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டே செய்தேன். அந்த அம்மாவும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்கு வெளியே எங்கள் இருவரின் கணவர்களும் என்ன நடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கம்போடு தெருவில் நடக்கிற அளவுக்கு நான் தேறினேன். வாய்க்கோணல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எழுமலைக்காரரின் நோய் தேறுகிற நோய் இல்லை. சில வருடம் தாளத்தோடும் கோட்டோடும் நடந்தார். பிறகு கட்டிலோடு போனார். அவர் இறந்த செய்தி மச்சினன் வழியாக வந்தது. கேதத்துக்குப் போனோம். பெண்கள் கூட்டத்தில் நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஓரமாக நின்றேன். யார் இந்த டவுன்காரம்மா என்று ஒருத்தி கேட்டது காதில் விழுந்தது. உறவு இல்லை, ஊர் இல்லை, சாதி சனம் இல்லை. எப்படிப் பழக்கம் என்று யாரிடமும் சொல்ல முடியாத பழக்கம். அழுதுகொண்டிருந்த அந்த அம்மாள் என்னைப் பார்த்து, பக்கத்தில் இருந்த பெண்ணை நகரச் சொல்லி, தரையில் எனக்கு இடம் காட்டினார். கீழே உட்கார்ந்தால் மறுபடி எழ என்னால் முடியாது, நாலு பேர் தூக்கிவிட வேண்டியிருக்கும். அத்தனை பேர் முன்னால். கம்பைக் கணவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.